மெடிக்கல் காலேஜில் ‘ரெப்’ ஆக நிற்கப் போகிறீர்களா? ஓட்டுக் கேட்கும் முன் இதைப் படியுங்கள்

இரவு 11.40 மணி. விடிந்தால் ஃபிசியாலஜி இன்டர்னல்ஸ். புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்திருக்கும்போது போன் விடாமல் அதிர்கிறது.

“ரெப், நாளைக்கு எண்டோக்ரைன் உண்டா இல்லையா?”

“ரெப், ரெக்கார்டு சைன் வாங்க கடைசி தேதி எப்போ?”

“டேய், அட்டெண்டன்ஸ் லிஸ்ட்ல என் பேர் இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுடா. ப்ளீஸ்.”

எம்.பி.பி.எஸ். வகுப்பில் கல்விப் பிரதிநிதியாக, அதாவது ‘ரெப்’ ஆக இருந்தவர்களுக்கு இந்த இரவு நன்றாகத் தெரியும். நானும் இருந்திருக்கிறேன். முதல் வருடம் நின்று தோற்றேன். இரண்டாம் வருடம் நின்று ஜெயித்தேன். ஜெயித்த வருடத்தில் நான் செய்யத் தவறிய ஒரு காரியம் இன்றும் உறுத்துகிறது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

புதிய பேட்ச் வகுப்புக்குள் நுழைந்த சில வாரங்களிலேயே “யாராவது ரெப்பா நிக்கறீங்களா?” என்ற கேள்வி வரும். கை தூக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

ரெப் என்பவர் உண்மையில் என்ன செய்கிறார்?

வெளியிலிருந்து பார்த்தால் வாட்ஸ்அப் குரூப்பில் டைம்டேபிள் போடுகிறவர். சாக்பீஸ், மைக், ப்ரொஜெக்டர் ஏற்பாடு செய்கிறவர். லெக்சரருக்கு போன் பண்ணி “மேம், இன்னைக்கு கிளாஸ் இருக்கா?” என்று கேட்கிறவர்.

இதெல்லாம் வேலையில் பாதிதான். மீதிப் பாதி கண்ணுக்குத் தெரியாது. 150 பேரின் சிக்கலை ஒரு ஹெச்.ஓ.டி.யின் மேஜைக்குக் கொண்டுபோவதும், அவர் சொன்ன பதிலைத் திரிக்காமல் வகுப்புக்குத் திருப்பிக் கொண்டுவருவதும்தான் அது. இரண்டு டிபார்ட்மென்ட்கள் ஒரே நாளில் தேர்வு வைத்தால் அதைச் சொல்ல வேண்டும். ஒரு பாடத்தில் பாதி வகுப்பு ஃபெயில் ஆனால் ஏன் என்று விசாரிக்க வேண்டும். ஹாஸ்டலிலிருந்து வார்டுக்கு நேரத்துக்கு வர முடியாதபடி அட்டவணை இருந்தால் அதை மாற்றக் கேட்க வேண்டும்.

கலைவிழா செயலாளர், விளையாட்டுச் செயலாளர் பதவிகளிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான். அவர்கள் வேலை சரியாக நடக்காவிட்டால் ஒரு விழா சுமாராக இருக்கும். ரெப் வேலை சரியாக நடக்காவிட்டால் ஒருவர் தேர்வு எழுத முடியாமல் போகலாம்.

எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்?

கல்லூரிக்குக் கல்லூரி மாறும். பொதுவாக மூன்று வழிகள். ஒன்று, வகுப்பிலேயே கை தூக்கச் சொல்வது அல்லது சீட்டில் பெயர் எழுதி வாங்குவது. இரண்டு, ஆசிரியர்களே நியமிப்பது. மூன்று, மாணவர் பேரவைத் தேர்தலோடு சேர்த்து நடத்துவது. பல இடங்களில் ஆண் ஒருவர், பெண் ஒருவர் என்று இருவரை வைப்பது வழக்கம்.

முறையான மாணவர் தேர்தல் நடக்கும் கல்லூரி என்றால் லிங்டோ கமிட்டி பரிந்துரைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம்.லிங்டோ தலைமையிலான இந்தக் குழு, கல்லூரித் தேர்தல்கள் எப்படி நடக்க வேண்டும் என்று வரையறுத்தது. 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றை நடைமுறைப்படுத்த உத்தரவிட்டது. முக்கியமானவை:

• வேட்பாளர் செலவு உச்சவரம்பு 5,000 ரூபாய்.
• அச்சடித்த போஸ்டர் கூடாது. கையால் எழுதியது மட்டும், அதுவும் குறிப்பிட்ட இடங்களில்.
• தேர்தல் நடக்கும் ஆண்டில் வேட்பாளருக்கு அரியர் இருக்கக் கூடாது.
• குறைந்தது 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும்.
• வேட்புமனு தொடங்கி முடிவு அறிவிக்கும் வரை மொத்தம் 10 நாட்களுக்குள் முடிய வேண்டும்.
• நிர்வாகி பதவிக்கு ஒருவர் ஒரு முறைதான் போட்டியிடலாம்.

இதே குழு இன்னொரு வழியையும் சொல்லியிருக்கிறது. மாணவர்கள் வகுப்புப் பிரதிநிதிகளை நேரடியாகத் தேர்ந்தெடுப்பது, அந்தப் பிரதிநிதிகள் கூடி பேரவை நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பது. அப்படிப்பட்ட இடத்தில் ரெப் என்பவர் கல்லூரியின் மாணவர் நிர்வாகத்துக்கே அடித்தளம்.

எந்த எண்கள் மனப்பாடமாக இருக்க வேண்டும்?

பேச்சுத் திறமையைவிட ரெப்புக்கு முக்கியம் விதி தெரிந்திருப்பது. தேசிய மருத்துவ ஆணையத்தின் இளநிலை மருத்துவக் கல்வி விதிகளிலிருந்து குறைந்தபட்சம் இவற்றைத் தெரிந்து வைத்திருங்கள்.

வருகைப் பதிவு: பல்கலைக்கழகத் தேர்வு எழுத தியரியில் 75 சதவீதம், பிராக்டிகல் மற்றும் கிளினிக்கலில் 80 சதவீதம். இரண்டும் தனித்தனி. “மொத்தமா பார்த்தா 78 இருக்கே” என்ற வாதம் செல்லாது.

இன்டர்னல்ஸ்: தியரியும் பிராக்டிகலும் சேர்த்து 50 சதவீதம் வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இது இல்லாவிட்டால் பல்கலைக்கழகத் தேர்வுக்கே உட்கார முடியாது.

முயற்சிகள்: முதல் தொழில்முறைத் தேர்வுக்கு, அதாவது அனாடமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரிக்கு, அதிகபட்சம் 4 முயற்சிகள். சேர்ந்த நாளிலிருந்து 9 ஆண்டுகளுக்கு மேல் எம்.பி.பி.எஸ். படிப்பைத் தொடர முடியாது.

இந்த எண்களைப் பார்த்தாலே புரியும். இன்டர்னல் மார்க் பட்டியல் தாமதமாக வந்தால், அது வெறும் ஆர்வத்தில் கேட்கும் கேள்வி இல்லை. 38 சதவீதம் எடுத்த ஒருவர் மீண்டு வர எத்தனை வாரம் மிச்சம் இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது அந்தப் பட்டியல் வரும் தேதிதான். மார்க் குறைந்தவர்களுக்கும், நியாயமான காரணத்தால் இன்டர்னல் தேர்வைத் தவறவிட்டவர்களுக்கும் ‘ரெமிடியல்’ வாய்ப்பு தருவது இப்போதைய பாடத்திட்ட முறையின் ஒரு பகுதி. இது தெரிந்த ரெப் “சார், கொஞ்சம் பார்த்து பண்ணுங்க சார்” என்று கெஞ்ச மாட்டார். “சார், ரெமிடியல் எந்த வாரம் வைக்கலாம்?” என்று கேட்பார். இரண்டுக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

யாருக்காகப் பேசப் போகிறீர்கள்?

“வகுப்பு என்ன சொல்லுது?” என்று ஹெச்.ஓ.டி. கேட்பார். பெரும்பாலும் நாம் சொல்வது நம் முன் பெஞ்ச் நண்பர்கள் ஐந்து பேர் சொன்னதைத்தான்.

ஒரு அரசு மருத்துவக் கல்லூரி வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளி மாணவர்கள் வருகிறார்கள். அவர்களில் பலர் பிளஸ் 2 வரை தமிழில் படித்தவர்கள். அனாடமி லெக்சர் முழுக்க ஆங்கிலத்தில் ஓடும்போது, முதல் மூன்று மாதம் அவர்களுக்கு எலும்பைவிட மொழிதான் கடினம். அதே வகுப்பில் 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீட்டில் வெளிமாநில மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு லெக்சர் பிரச்சினை இல்லை. வார்டுக்குப் போனால்தான் சிக்கல். “எப்பேர்ந்து வலிக்குது, எங்க வலிக்குது?” என்று நோயாளியிடம் கேட்கத் தெரியாமல் கேஸ் ஷீட்டோடு நிற்பார்கள்.

இந்த இரண்டு தரப்பும் வகுப்பில் கை தூக்கிப் பேசாது. ஒருவருக்கு ஆங்கிலக் கூச்சம், இன்னொருவருக்குத் தமிழ்க் கூச்சம். நல்ல ரெப் இருந்தால் இவர்களைச் சேர்த்து உட்கார வைக்கலாம். ஒருவர் வார்டுத் தமிழ் சொல்லித் தரட்டும், மற்றவர் வைவாவுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்லப் பழக்கட்டும். செலவு ஒன்றுமில்லை. யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதும் இல்லை.

இதைத் தவிர தினமும் பஸ்ஸில் வரும் டே ஸ்காலர்கள் இருக்கிறார்கள். மாலை 6 மணிக்கு மேல் வைக்கும் எக்ஸ்ட்ரா கிளாஸ் ஹாஸ்டல்காரர்களுக்கு வசதி, இவர்களுக்குக் கடைசி பஸ் போய்விடும். வகுப்பு என்பது ஒரே கூட்டம் இல்லை என்பது தெரிந்த பிறகு ஓட்டுக் கேட்கப் போங்கள்.

நான் ஏன் முதல் முறை தோற்றேன்?

ஒரே காரணம்தான். முடியாததைச் சொன்னேன்.

“நான் வந்தா இன்டர்னல்ஸ தள்ளி வைப்பேன்” என்று மேடையில் சொன்னேன். கைதட்டல் கிடைத்தது. ஆனால் ஓட்டு கிடைக்கவில்லை. அன்று மாலை மெஸ்ஸில் ஒரு சீனியர் அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: “தம்பி, எக்ஸாம் டேட்ட டிபார்ட்மென்ட் முடிவு பண்ணும். அத தள்ளி வைக்கிற பவர் உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. இது உன் கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும். கைதட்டினது காமெடிக்கு.”

அடுத்த வருடம் மூன்றே விஷயம் சொன்னேன். இன்டர்னல் தேதிகளை எல்லா டிபார்ட்மென்ட்களிலும் கேட்டு ஒரே காலண்டராகப் போடுவேன். மாதம் ஒரு முறை அவரவர் வருகை சதவீதத்தைத் தெரிந்துகொள்ள ஏற்பாடு கேட்பேன். ஹெச்.ஓ.டி.யிடம் பேசிவிட்டு வந்தால், என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது என்று அன்றே குரூப்பில் எழுதுவேன். மூன்றும் என் கையில் இருந்தவை. நான்காவதாக ஒன்று கேட்டார்கள்: “பிராக்ஸி போட்டா கண்டுக்க மாட்டியே?” முடியாது என்றேன். சில ஓட்டுகள் போயின. ஆனாலும் ஜெயித்தேன்.

பிரச்சாரம் செய்ய மேடை தேவையில்லை. டிஸெக்‌ஷன் டேபிள் வாரியாக, பிராக்டிகல் பேட்ச் வாரியாகப் பேசுங்கள். “எனக்கு ஓட்டுப் போடு மச்சி” என்பதற்குப் பதில் “இந்த வருஷம் உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கறது எது?” என்று கேளுங்கள். பதிலைக் குறித்து வையுங்கள். தோற்றாலும் அந்தக் குறிப்பை ஜெயித்தவரிடம் கொடுத்துவிடலாம்.

புகாரை எப்படிக் கொண்டுபோவது?

இதுதான் பதவியின் உயிர். நான்கு படிகள் போதும்.

முதலில் எண்ணிக்கை. “எல்லாருக்கும் கஷ்டமா இருக்கு சார்” என்றால் எந்தப் பேராசிரியரும் நம்ப மாட்டார். பெயர் கேட்காத ஒரு கூகுள் ஃபார்ம் போடுங்கள். உதாரணத்துக்கு, “150 பேரில் 110 பேர் பதில் சொல்லியிருக்காங்க. அதில் 80 பேர் ஹிஸ்டாலஜி ஸ்லைடு பார்க்க நேரம் போதலைன்னு சொல்றாங்க” என்று போய் நின்றால் உரையாடலே மாறிவிடும்.

இரண்டாவது, தீர்வோடு போவது. “ஸ்லைடு பார்க்க சனிக்கிழமை ஒரு மணி நேரம் லேப் திறந்து வைக்க முடியுமா? இருபது இருபது பேரா வர்றோம்.” ஆசிரியர் ‘சரி’ என்று சொல்லும்படி கேளுங்கள்.

மூன்றாவது, வரிசை. பாடம் எடுக்கும் ஆசிரியர், பிறகு ஹெச்.ஓ.டி., பிறகு அந்த ஆண்டின் பொறுப்பாளர், பிறகு வைஸ் பிரின்சிபல், கடைசியாக டீன். முதல் படியைத் தாண்டி நேராக டீன் அறைக்குப் போனால், டீன் முதலில் கேட்பது “ஹெச்.ஓ.டி. கிட்ட சொன்னியா?” என்றுதான்.

நான்காவது, பெயரைக் காப்பது. “யார் சொன்னது?” என்று கேட்பார்கள். “கிளாஸ் சார்பா நான் சொல்றேன் மேம்” என்பதைத் தவிர வேறு பதில் வேண்டாம். ஒரு முறை ஒரு பெயர் வெளியே போனால், அதற்குப் பிறகு உங்களிடம் யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ராகிங், பாலியல் தொல்லை போன்றவை ரெப் பேசித் தீர்த்து வைக்கும் விஷயங்கள் இல்லை. அவற்றுக்குக் கல்லூரியில் தனிக் கமிட்டிகள் இருக்க வேண்டும் என்பது சட்டம். பாதிக்கப்பட்டவருடன் அங்கே துணைக்குப் போவதுதான் உங்கள் வேலை. “வேணாம்டா, பேசி முடிச்சுக்கலாம்” என்று சொல்வது உங்கள் வேலை இல்லை.

நான் செய்யத் தவறியது

என் வகுப்பில் ஒருவன் இருந்தான். கடைசி பெஞ்ச். அமைதியான ஆள். வெள்ளிக்கிழமை மதியமே ஊருக்குக் கிளம்பிவிடுவான், திங்கள் மதியம்தான் திரும்புவான். ‘கட் அடிக்கிறான்’ என்று எல்லோரும் நினைத்தோம். அவனுடைய அம்மாவுக்கு டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் கூட்டிப் போக வேறு ஆள் இல்லை. இது எனக்கு வருடத்தின் நடுவிலேயே தெரியும். அவனே ஒருநாள் டீக்கடையில் சொன்னான். “யார்ட்டயும் சொல்லிடாத” என்றும் சொன்னான்.

நான் சொல்லவில்லை. அதுதான் நட்பு என்று நினைத்தேன். மாதாமாதம் சதவீதம் கேட்டு வாங்கும் ஏற்பாடும் இரண்டு மாதத்தில் நின்றுபோயிருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

வருடக் கடைசியில் பட்டியல் வந்தபோது அவன் பெயர் அதில் இருந்தது. அன்று மாலை அவனைக் கூட்டிக்கொண்டு ஹெச்.ஓ.டி.யிடம் போனேன். அவர் முழுவதும் கேட்டார். கோபப்படவில்லை. “இத ஆறு மாசம் முன்னாடி வந்து சொல்லியிருந்தா போஸ்டிங்க மாத்திப் போட்டிருப்பேனே தம்பி. இப்ப நான் என்ன பண்ண முடியும்?” என்றார். அந்த முறை அவன் எங்களோடு தேர்வு எழுதவில்லை. பிறகு எழுதித் தேறினான், இன்று டாக்டராக இருக்கிறான். என்னிடம் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

அவன் ரகசியத்தை நான் வெளியிட்டிருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கவில்லை. ஆனால் “நீயே போய்ச் சொல்லு, நான் கூட வரேன்” என்று சொல்லியிருக்கலாம். மாதாமாதம் சதவீதத்தைக் கேட்டு வாங்கியிருக்கலாம். அவன் 70க்குக் கீழே போன மாதமே இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கும். வாக்குறுதி கொடுத்துவிட்டு பாதியில் நிறுத்தியதற்கு வேறொருவன் விலை கொடுத்தான்.

வெளிநாடுகளில் எப்படி?

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் எல்.சி.எம்.இ. அமைப்பின் ஆய்வு நடக்கும்போது, மாணவர்கள் தாங்களாகவே ஒரு தனி ஆய்வு செய்கிறார்கள். எல்லா மாணவர்களிடமும் கேள்வித்தாள் கொடுத்து, படிப்பு, விடுதி, ஆசிரியர்கள், மன அழுத்தம் என்று கருத்துக் கேட்டு அறிக்கை தயாரிப்பார்கள். கல்லூரி நிர்வாகம் தரும் அறிக்கையோடு அதுவும் ஆய்வுக் குழுவுக்குப் போகும். அந்த அமைப்பின் குழுவிலேயே இரண்டு மருத்துவ மாணவர்கள் உறுப்பினர்களாக இருக்கிறார்கள்.

இந்தியாவுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 2023இல் தேசிய மருத்துவ ஆணையத்துக்கு உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பின் அங்கீகாரம் 10 ஆண்டுகளுக்குக் கிடைத்தது. பாடத்திட்டத்தை வடிவமைப்பதிலும் மதிப்பிடுவதிலும் மாணவர் பிரதிநிதிகளுக்கு இடம் இருக்க வேண்டும் என்பது அந்தக் கூட்டமைப்பு வகுத்த தரநிலைகளில் ஒன்று. மாணவர் கருத்தைக் கேட்பது பெருந்தன்மை இல்லை, நல்ல மருத்துவக் கல்வியின் ஒரு பகுதி என்பதுதான் இதன் பொருள்.

உங்கள் படிப்பு என்னாகும்?

நேரம் போகும், அதில் சந்தேகமே வேண்டாம். குறைத்துக்கொள்ள சில வழிகள் உண்டு. அறிவிப்புக்கு மட்டும் ஒரு குரூப் வையுங்கள், அதில் ரெப்கள் மட்டும் எழுதும்படி அமைத்துவிடுங்கள். அரட்டைக்கு வேறு குரூப். “இரவு 10 மணிக்கு மேல் பதில் கிடையாது” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். முதலில் திட்டுவார்கள், பிறகு பழகிவிடும். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு துணை ஆளை வைத்துக்கொள்ளுங்கள். பேத்தாலஜிக்கு ஒருத்தர், ஃபார்மாவுக்கு ஒருத்தர் என்று பிரித்துவிட்டால் ஒருவர் தலையிலேயே எல்லாம் விழாது.

இன்னொன்று. ரெப் ஆனால் வைவாவில் மார்க் கூடும் என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. அதை நம்பி நிற்காதீர்கள். ஆசிரியருக்கு உங்கள் முகம் நன்றாகத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். பதில் தெரியாமல் நிற்கும்போது முகம் தெரிந்திருப்பது உதவியும் இல்லை, ஆறுதலும் இல்லை.

அப்போ நிற்கலாமா?

உங்களையே மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். எனக்குப் பிடிக்காதவனுக்காகவும் போய்ப் பேசுவேனா? ‘முடியாது’ என்ற பதிலை வகுப்புக்கு நேராகச் சொல்லத் தைரியம் இருக்கிறதா? யாரும் கவனிக்காத வேலையை, யாரும் கேட்காதபோதும் மாதாமாதம் செய்வேனா?

நான் முதல் இரண்டையும் செய்தேன். மூன்றாவதில்தான் தவறினேன். மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் தயங்காமல் கை தூக்குங்கள். ஜெயித்த அன்று ட்ரீட் வைப்பதற்கு முன் ஒரு வேலையை முடித்துவிடுங்கள். போனில் காலண்டரைத் திறந்து, ஒவ்வொரு மாதமும் முதல் திங்கள்கிழமைக்கு ஒரு நினைவூட்டல் போடுங்கள்: “அட்டெண்டன்ஸ் கேள்.”